அதிர்ந்தது என்று சொன்னால் போதுமா?

2023 பிப்ரவரி 22 அன்று சென்னை அண்ணா சாலைப் பகுதியில் சில கட்டடங்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வீதிக்கு ஓடி வந்தார்கள். தரை அதிர்ந்தது என்றார்கள். தேசிய நில அதிர்வு மையமோ, நிலநடுக்கம் எதுவும் பதிவாகவில்லை என்றது. மெட்ரோ ரயில் பணியால் இருக்குமோ என்று கேட்டபோது, அந்த இடத்தில் தங்கள் பணி எதுவும் நடக்கவில்லை என்று மெட்ரோ நிறுவனம் சொல்லிவிட்டது. அத்தோடு பேச்சு முடிந்தது. ஆட்டத்தை உணர்ந்தவர்கள் இருக்கிறார்கள். எதனால் ஆடியது என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

அண்ணா சாலை அலுவலகங்களுக்கே இந்தக் கதி என்றால், கல்குவாரியை ஒட்டிய காலனிகளின் நிலைமையைச் சொல்லவா வேண்டும்? வெடி வைக்கும்போது சுவர் விரிகிறது, ஓடு சரிகிறது, பிள்ளைகள் அலறுகிறார்கள் என்று எத்தனை மனுக்கள் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டங்களில் கொடுக்கப்பட்டிருக்கும்! வீடு தரமாகக் கட்டப்படவில்லை என்பதுதான் வழக்கமாக வரும் பதில். அடுத்த கேள்வி, ஆதாரம் எங்கே என்பது. ஆதாரத்தைக் காட்டும் கருவி குவாரிக்காரரிடமோ அரசு அலுவலகத்திலோ இருக்கிறது. மனு கொடுத்தவரிடம் இருப்பது விரிசல் மட்டும்தான்.

அந்தக் கருவியை நம் வீட்டுத் தரையிலேயே வைத்துக்கொள்ள முடியுமா? முடியும். அது பதிவதை இணையம் வழியாக ஊருக்கே காட்டவும் முடியும். உலகின் பல நாடுகளில் சாதாரண வீடுகளிலும் பள்ளிகளிலும் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

வீட்டு நில அதிர்வுமானி என்பது பெரிய இயந்திரம் அல்ல. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு காந்தமும், ஸ்பிரிங்கில் தொங்கும் கம்பிச் சுருளும் இருக்கும். தரை அசைந்தால் பெட்டியும் காந்தமும் சேர்ந்து அசையும். தொங்கும் சுருள் சற்றே பின்தங்கும். அந்த வேறுபாட்டால் சுருளில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கும். பத்தாம் வகுப்பில் படித்த மின்காந்தத் தூண்டல்தான் இது, வேறொன்றுமில்லை. இந்தப் பாகத்துக்கு ஜியோபோன் என்று பெயர். மின்சாரத்தை எண்ணாக்கி, நேரம் குறித்து, கோப்பாகச் சேமிக்கும் வேலையை ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி பார்த்துக்கொள்கிறது. 2016-இல் பனாமா நாட்டிலிருந்து வந்த ‘ராஸ்பெரி ஷேக்’ என்ற கருவி இந்த இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்தது. அது நொடிக்கு 100 முறை தரையின் அசைவை அளக்கும். ஒரு நாளில் 86 லட்சத்து 40 ஆயிரம் எண்கள்! ஆனாலும் சுருக்கிச் சேமித்தால் நாம் செல்போனில் பார்க்கும் ஒரு சிறிய வீடியோ அளவுக்குத்தான் வரும்.

கொரட்டூரில் ஒரு வீட்டில் இதை வைத்தால் என்ன பதிவாகும்? முதலில் பதிவாவது ரயில். சென்னை சென்ட்ரல் – அரக்கோணம் பாதையில் மின்சார ரயிலும் விரைவு ரயிலும் சரக்கு ரயிலும் ஓயாமல் போகின்றன. ஒவ்வொன்றும் வரைபடத்தில் கதிர் வடிவில் ஒரு தடிப்பாகத் தெரியும்: மெல்லத் தொடங்கி, வீங்கி, மெல்ல அடங்கும். சி.டி.எச். சாலையின் லாரிகளும் அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கத்து இயந்திரங்களும் சேரும். பகலில் கோடு தடிக்கும், நள்ளிரவில் மெலியும். இது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது 117 நாடுகளில் உள்ள 268 நிலையங்களின் பதிவுகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். மனித நடமாட்டத்தால் வரும் அதிர்வு சில இடங்களில் பாதி அளவுக்குக் குறைந்திருந்தது. அந்த ஆய்வுக்கு வீட்டுக் கருவிகளின் பதிவுகளும் பயன்பட்டன. நாம் வேலைக்குப் போவதையும் வீடு திரும்புவதையும் நிலம் எழுதி வைக்கிறது.

இத்தனை இரைச்சலுக்கு நடுவே நிலநடுக்கம் எப்படித் தெரியும்? தூரத்து நிலநடுக்கத்தில் முதலில் ஒரு சிறிய துடிப்பு வரும். சற்றுப் பொறுத்துப் பெரிய துடிப்பு வரும். முதல் அலைக்கு வேகம் அதிகம், இரண்டாவதற்குக் குறைவு. இரண்டுக்கும் இடைப்பட்ட நொடிகளை எட்டால் பெருக்கினால் நிலநடுக்கம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் நடந்தது என்பது ஏறக்குறையக் கிடைத்துவிடும். 2021 ஆகஸ்ட் 24 பகல் 12.35 மணிக்கு வங்கக் கடலில் 5.1 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்து சென்னையில் சிலர் அதை உணர்ந்தது நினைவிருக்கலாம். சென்னையிலிருந்து சுமார் 320 கிலோமீட்டர். அப்படியானால் கொரட்டூரில் ஒரு கருவி இருந்திருந்தால் இரண்டு துடிப்புகளுக்கும் இடையே சுமார் 40 நொடி இருந்திருக்கும். மாணவர்கள் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு கருவி தூரத்தை மட்டுமே சொல்லும், திசையைச் சொல்லாது. கொரட்டூரை மையமாக வைத்து 320 கிலோமீட்டரில் வட்டம் போட்டால், அது கடலிலும் போகும், ஆந்திராவிலும் போகும், கர்நாடகத்திலும் போகும். சிதம்பரத்தில் ஒரு கருவியும் நெல்லூரில் ஒரு கருவியும் இருந்து, அவற்றின் வட்டங்களையும் சேர்த்துப் போட்டால்தான் மூன்றும் வெட்டும் இடம் தெரியும். பகிராத பதிவு பாதிப் பதிவுதான்.

இது நூறு ஆண்டுக்கும் மேலான பாடம். ஜப்பானில் பல ஆண்டுகள் நிலநடுக்கம் ஆராய்ந்த ஜான் மில்ன், 1895-இல் இங்கிலாந்து திரும்பி, வைட் தீவில் ஷைட் என்ற இடத்தில் தம் வீட்டிலேயே நில அதிர்வு நிலையம் அமைத்தார். அவர் வடிவமைத்த கருவிகள் உலகின் பல மூலைகளுக்கும் போயின. 1899-இல் நம் கொடைக்கானல் வானாய்வகத்திலும் ஒன்று வைக்கப்பட்டது. அங்கெல்லாம் எடுத்த அளவுகள் கப்பல் தபாலில் ஷைட் வீட்டுக்குப் போய்ச் சேர, அவர் தொகுத்து அச்சிட்டு அனைவருக்கும் அனுப்பினார். கொடைக்கானல் மலை அதிர்ந்ததை ஒரு வீட்டு மேசையில் பார்க்க அன்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்று சில நொடி போதும்.

பதிவு இருந்தும் பகிர்வு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு தன் பிணங்களை எண்ணித் தெரிந்துகொண்டது. 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே கடலடி பிளந்தது. சென்னை அங்கிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர். நில அதிர்வு அலை நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டது. சென்னையில் பலர் அந்த ஆட்டத்தை உணரவும் செய்தார்கள். கடல் அலை வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. கருவிகள் எழுதியது கரைக்குப் போய்ச் சேரவில்லை. புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்தில் மட்டும் வேறு மாதிரி நடந்தது. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் செய்தி பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். ஊரின் தகவல் மையத்தில் இருந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரே தப்பியது. அரசாங்கத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் 2007-இல்தான் வந்தது.

சுனாமிக்குப் பிறகு நடந்ததையும் இந்தப் பகுதியின் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாகப்பட்டினம் பக்கம் தலித் குடும்பங்கள் நிவாரண முகாம்களில் ஒதுக்கப்பட்டதையும், படகும் வலையும் இல்லாத கூலிகள் என்பதால் அவர்கள் இழந்தது இழப்புக் கணக்கிலேயே ஏறாமல் போனதையும் மனித உரிமை அமைப்புகள் ஆவணப்படுத்தின. அதற்கு முன் 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியில் நிலநடுக்கம் வந்து 13,000 பேருக்கு மேல் இறந்தபோதும், தங்குமிடம், குடிநீர், மின்சாரம் கிடைப்பதில் தலித்துகளும் முஸ்லிம்களும் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள் என்று அறிக்கைகள் வந்தன. நிலம் சாதி பார்த்து ஆடுவதில்லை. எந்த வீடு விழும், விழுந்த வீடு எந்தப் பட்டியலில் ஏறும் என்பதில் சாதி இருக்கிறது. கருவியை யார் கையில் வைத்திருப்பது என்று நாம் பேசுவது இதனால்தான்.

இதில் நாம் உற்றுப் பார்க்க வேண்டிய நாடு ஹைட்டி. அடிமைகள் போராடி 1804-இல் நிறுவிய கறுப்பினக் குடியரசு அது. (கறுப்பின மக்களின் போராட்டத்திலிருந்து பெயரையே எடுத்துக்கொண்டது 1972-இல் மும்பையில் பிறந்த நம் தலித் பேந்தர்ஸ் என்பதை மாணவர்கள் அறிவார்கள்.) 2010 ஜனவரி 12 அன்று அங்கே 7.0 அளவில் நிலநடுக்கம் வந்தது. லட்சக்கணக்கில் மக்கள் இறந்தார்கள். அப்போது அந்த நாட்டுக்குச் சொந்தமாக நில அதிர்வு வலைப்பின்னல் எதுவும் இல்லை. அதன்பின் விலை உயர்ந்த நிலையங்கள் வந்தன. ஆனால் மின்சாரம், இணையம், பராமரிப்பு என்று ஒவ்வொன்றாகக் காலை வாரின. அதனால் 2019 முதல் ஆய்வாளர்கள் வேறு வழிக்கு வந்தார்கள். விருப்பப்பட்ட குடும்பங்களின் வீடுகளில் ராஸ்பெரி ஷேக் கருவிகளை வைத்தார்கள். இடமும் மின்சாரமும் இணையமும் வீட்டுக்காரர் தருவது. பதிவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

2021 ஆகஸ்ட் 14 காலை 7.2 அளவில் மீண்டும் ஒரு நிலநடுக்கம். அதற்கு ஒரு மாதம் முன்புதான் நாட்டின் அதிபர் கொலை செய்யப்பட்டிருந்தார்; எங்கும் குழப்பம். வெளிநாட்டு நிபுணர்கள் உடனே போய்க் கருவி நடும் நிலை இல்லை. அந்த நேரத்தில் மையத்துக்கு அருகே வேலை செய்துகொண்டிருந்தவை வீடுகளில் இருந்த கருவிகள்தான். பின்னதிர்வுகள் எங்கே, எத்தனை என்பதை அவற்றின் பதிவைக் கொண்டே கணித்தார்கள். 2022-இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் இது வெளிவந்தது. கருவியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்கள் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை: பிளக்கைப் பிடுங்காமல் இருந்தார்கள். அறிவியலுக்கு அதுவே போதுமாக இருந்தது.

நேபாளம் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தது. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் அங்கே 9,000 பேர் வரை இறந்தார்கள். பிறகு 22 பள்ளிகளில் இத்தகைய கருவிகளை வைத்து, நிலநடுக்கத்தைப் பாடமாகவும் நடத்தத் தொடங்கினார்கள். தம் பள்ளித் தரையில் பதிவான நடுக்கத்தைப் பிள்ளைகள் கணினியில் பார்க்கிறார்கள், வீட்டுக்குப் போய்ச் சொல்கிறார்கள். படிக்காத பெற்றோருக்கு அந்த வகுப்பு மாலையில் அடுப்படியில் நடக்கிறது.

நம் ஊரில் நிலநடுக்கமே வராதே, இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்த நடுக்கத்தில் சென்னை வீதிக்கு ஓடி வந்தது. 2002-இல் திருத்தப்பட்ட வரைபடம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமத்ராவின் 8.6 நடுக்கத்தில் அடுக்குமாடிகள் காலியாகின. எனினும் நம் பகுதிக்கு இந்தக் கருவியின் முதல் பயன் நிலநடுக்கம் அல்ல என்றே நினைக்கிறோம். குவாரி வெடி, கட்டுமானப் பணியில் அடிக்கும் பைல், பக்கத்து வில்லிவாக்கம், கொளத்தூர் பகுதியின் மெட்ரோ சுரங்கப் பணி ஆகிய தினசரி அதிர்வுகளே நமக்கு முதல் விஷயம்.

இதற்கு விதிகள் உண்டு. தமிழ்நாடு சிறுகனிம விதிகளின்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது. வெடியால் வரும் அதிர்வுக்குச் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் 1997-இல் வரம்பு வைத்தது. குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத வீடுகளில், அதிர்வு நொடிக்கு 8 முறைக்குக் குறைவாக ஆடும் வகை என்றால், தரை அசையும் வேகம் நொடிக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. 8 முதல் 25 முறை வரை என்றால் 10 மில்லிமீட்டர், அதற்கு மேல் என்றால் 15. இதில் ஒன்று கவனிக்க வேண்டும். மண் சுவர் வீட்டுக்கும் சிமென்ட் வீட்டுக்கும் ஒரே வரம்புதான். வரலாற்றுச் சின்னங்களுக்கும் எளிதில் பாதிக்கப்படும் கட்டடங்களுக்கும் 2 மில்லிமீட்டரில் தொடங்கும் கடுமையான வரம்பு இருக்கிறது. மண் சுவருக்குள் ஆட்கள் தூங்குகிறார்கள் என்பதற்குத் தனி எண் இல்லை.

வீட்டுக் கருவியின் பதிவை வைத்து நேரடியாக அபராதம் போட வைக்க முடியும் என்று நாம் சொல்லவில்லை. அதற்கு முறையாக அளவு சரிபார்த்த வெடி அதிர்வுமானி வேண்டும். மிக அருகில் பெரிய வெடி வைத்தால் வீட்டுக் கருவியின் அளவு எல்லையையே தாண்டிவிடவும் கூடும். ஆனால் எந்தத் தேதி, எத்தனை மணி, எத்தனை நிமிடம், எத்தனை முறை என்பதை அது தவறாமல் சொல்லும். “அடிக்கடி வெடிக்கிறார்கள்” என்று எழுதும் மனுவுக்கும், மூன்று மாதத்து வெடிகளை நேரத்தோடு பட்டியலிட்டு, அதே நாட்களின் வெடிப் பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு இணைக்கும் மனுவுக்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவது மனுவைப் படித்தவர் நேரில் அளக்க ஆள் அனுப்பாமல் இருப்பது கடினம்.

இங்கே இணையப் பகிர்வு இன்னொரு வேலையும் செய்கிறது. பதிவு நம் வீட்டு மெமரி கார்டில் மட்டும் இருந்தால், நீங்களே திருத்திவிட்டீர்கள் என்பார்கள். நடக்கும் நொடியிலேயே வெளியூர் சர்வருக்குப் போய், முன்பின் தெரியாதவர்களும் பார்க்கும்படி இருந்தால் அப்படிச் சொல்வது எளிதல்ல. நீதிமன்றம் வரை போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். கோப்பின் ‘ஹாஷ்’ எண்ணும் அதில் வரும். ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண் அது. வழக்கறிஞரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

நம் சொல் ஏறாத இடத்தில் நாமே பதிவு செய்யத் தொடங்குவது புதிய யோசனை அல்ல. மற்றவர்கள் இதழில் நம் செய்தி வராது என்று தெரிந்துதான் இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழையும், அயோத்திதாசர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் தொடங்கினார்கள்.

விலைதான் இடிக்கிறது. ராஸ்பெரி ஷேக் வாங்கச் சில நூறு டாலர் ஆகும். சுங்க வரியும் சேரும். கூலி வேலை செய்யும் ஒரு குடும்பத்துக்கு இது எட்டாது. ஒரு ஊரின் அம்பேத்கர் படிப்பகத்துக்கோ, பணியில் இருப்பவர்கள் சேர்ந்து சீட்டுப் போடுவதுபோல் போட்டாலோ எட்டும். அதற்கு முன் காசில்லாமல் பழக ஒரு வழி உண்டு. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவசச் செயலி, செல்போனுக்குள் இருக்கும் முடுக்கமானியை அதிர்வுமானியாக்கிவிடும். போனைத் தரையில் வைத்து, செயலியின் மெனுவில் தொலைவிலிருந்து பார்க்கும் வசதியைத் திறந்தால் ஒரு முகவரி காட்டும். அதே வைஃபையில் உள்ள இன்னொரு போனிலோ கணினியிலோ அந்த முகவரியைத் தட்டினால் அதிர்வு அங்கே ஓடும். கோப்பாக இறக்கிக்கொள்ளவும் செய்யலாம். தூரத்து நிலநடுக்கத்தைப் பிடிக்கும் அளவுக்குப் போனுக்குக் காது கூர்மையில்லை. கொரட்டூர் ரயில் நிலையத்தை ஒட்டிய வீட்டில் சரக்கு ரயில் போவதையும், குவாரி பக்கத்து வீட்டில் வெடியையும் காட்டிவிடும்.

உண்மையான கருவி வந்த பிறகு சில எச்சரிக்கைகள். நம் ஊரின் இணைய நிறுவனங்கள் பெரும்பாலும் பல வீடுகளுக்கு ஒரே இணைய முகவரியைப் பங்கிட்டுத் தருகின்றன. அதனால் வெளியூரிலிருந்து நேராக நம் கருவிக்குள் நுழைய முடியாது. கருவியே பதிவை வெளியே அனுப்புவதால் பகிர்வதற்கு அது தடையில்லை. சிலர் ரவுட்டரின் வாசலைத் திறந்து வைக்கச் சொல்லித் தருவார்கள், வேண்டாம். கருவியோடு வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். வீட்டில் யார் எப்போது எழுந்து நடக்கிறார்கள் என்பதுகூட அந்தக் கோட்டில் தெரியும் என்பதால், பொது வரைபடத்தில் வீட்டின் இடத்தைச் சற்றுத் தள்ளியே காட்டுகிறார்கள். தெருப் பெயரைக் கேட்டுச் சாதியைக் கண்டுபிடிக்கும் நாட்டில் இது நமக்குக் கூடுதல் நன்மை. மனுவுக்கும் வழக்குக்கும் சரியான இடம் வேண்டுமே என்றால், அதை நாம் தனியே எழுதி, படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வைக்கும் இடம் தரைத்தளமாக, திடமான சிமென்ட் தரையாக இருக்கட்டும். மாடி வேண்டாம்; கட்டடத்தின் சொந்த ஆட்டம் சேர்ந்துவிடும். ஃபிரிட்ஜ், மோட்டார், கிரைண்டர் பக்கத்தில் வேண்டாம். மின்வெட்டு ஊர் என்றால் சிறிய பேட்டரி வேண்டும். வெடி வைக்கும் நேரத்தில் கரண்ட் போனால் மூன்று மாத உழைப்பில் ஓட்டை விழும். அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகளில் ஒருவரை வாரம் ஒரு முறை வந்து பார்க்கச் சொன்னால் போதும். படிப்பகத்தில் வைப்பதாக இருந்தால் கேரம் போர்டு இருக்கும் அறையை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு ஸ்டிரைக்கும் பதிவாகி, காயின் விழுந்ததா இல்லையா என்ற சண்டைக்கும் வரைபடம் கேட்பார்கள்.